ஏழாம் அத்தியாயம்: அயல்மொழிப் பாடத்தைத் தேர்ந்தெடுத்தல்

வீட்டிலிருந்தே கல்வி பயிலும் பிள்ளைகளுக்குக் கணிதம், விஞ்ஞானம், சரித்திரம் முதலிய பாடங்களை அமைத்துக்கொள்வதில் உள்ள பிரயாசை வேறு. அயல்மொழி ஒன்றை அமைத்துக்கொள்வதில் உள்ள பிரயாசை வேறு. கணிதத்தில் ஐயம் எழுந்தால் தெருவுக்கு ஒரு பட்டதாரியாவது அகப்படுவார். சேலத்தை அடுத்த கருப்பூரில் அரசினர் பொறியியற் கல்லூரியும் பெரியார் பல்கலைக்கழகமும் நமக்கு அருகிலேயே இருக்கின்றன. ஆனால் ஓமலூரிலோ தாரமங்கலத்திலோ காடையாம்பட்டியிலோ ராசிபுரத்திலோ வாழும் ஒரு குடும்பம், தன் 13 வயதுப் பெண்ணுக்குப் பிரெஞ்சோ ஜெர்மனோ ஜப்பான் மொழியோ கற்பிக்க வேண்டுமென்று உத்தேசித்தால், அம்மொழியைச் சரளமாகப் பேசும் ஒரு மனிதரை நேரில் காண்பதற்கு முன்பாகவே, எந்த மொழி, எந்தப் புத்தகம், எந்த வகுப்பு, எந்தப் பரீட்சை என்னும் தீர்மானங்கள் அனைத்தையும் செய்து, பணத்தையும் கட்டிவிட வேண்டியிருக்கிறது. இந்த நிலையில் விளம்பரத்தின் குரலே உரத்துக் கேட்பது இயல்பு. அந்தக் குரலுக்குச் செவிசாய்க்குமுன் பெற்றோர் ஆலோசிக்க வேண்டியவற்றை இங்கே சொல்ல முயல்கிறேன்.

என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அயல்மொழியைப் பொறுத்தவரை, பாடத்திட்டம் என்ற பெயரில் நாம் தேடவேண்டியது, பிள்ளை வாய்விட்டுப் பேசுவதற்கும், பேசியதைத் தேர்ந்த ஒருவர் கேட்டுத் திருத்துவதற்கும் வாரந்தோறும் தவறாமல் அமையும் ஏற்பாட்டையே. அந்த ஏற்பாடு உறுதியாக இருந்தால் நடுத்தரமான புத்தகமும் போதும். அது இல்லையெனில் மிகச் சிறந்த புத்தகமும் அலமாரியோடு நின்றுவிடும். நம் நாட்டில் மேல்வகுப்புகளில் மதிப்பெண்ணை முன்னிட்டுப் பிரெஞ்சு எடுத்துப் படித்தவர்கள் அநேகர். வினைச்சொல் அட்டவணைகளை மனப்பாடமாக எழுதி நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் பெற்ற அவர்களிற் பலர், பரீட்சை முடிந்த சில வருஷங்களில் தம் பெயரும் ஊரும் சொல்வதற்கு மேல் ஒரு வாக்கியமும் பேச இயலாமற் போனதற்குக் காரணம், அவர்கள் பேசுவதை எதிர்பார்த்து வகுப்பில் ஒருவரும் உட்கார்ந்திருக்கவில்லை என்பதுதான். ஓர் அறையில் நாற்பது பிள்ளைகள் இருப்பதால் பள்ளிக்கூடத்துக்கு நேரும் இந்தக் குறையை, வீட்டில் ஒற்றைப் பிள்ளையை வைத்துக் கற்பிக்கும் பெற்றோர் விலைகொடுத்து வாங்க வேண்டியதில்லை.

வேற்று மொழியை வேரோடு கற்றவர்கள் எந்த வழியாகக் கற்றார்கள் என்பதற்கு நம் தமிழே சாட்சி. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு என்னும் ஜெர்மானியப் பாதிரியார், உள்ளூர் உபாத்தியாயர் ஒருவரை அவருடைய பிள்ளைகளோடு தம் இருப்பிடத்துக்கே வரவழைத்து, அந்தச் சிறுவர்களோடு தாமும் தரையில் அமர்ந்து மணலில் எழுத்தெழுதிப் பழகினார். அவர் இயற்றிய தமிழ் இலக்கணம் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சானது 1716இல். செவியும் நாவும் முதலில். இலக்கண நூல் பத்து வருஷம் கழித்து. நம் பிள்ளைகள் அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டியதில்லை என்றாலும், வரிசை அதுவே.

நோக்கமும் சான்றிதழும்

மொழியைத் தேர்ந்தெடுக்குமுன் சான்றிதழ் விஷயத்தைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். ஏனெனில் அநேகம் பெற்றோர் இவ்விரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளுகிறார்கள். வீட்டில் கற்கும் பிள்ளைகளிற் பெரும்பாலோர் நாடுவது, 1989இல் தேசியத் திறந்தநிலைப் பள்ளி என்று தொடங்கப்பெற்று 2002இல் இன்றைய பெயரை அடைந்த தேசியத் திறந்தநிலைப் பள்ளிக் கல்வி நிறுவனத்தை. சுருக்கமாக எல்லாரும் சொல்வது என்.ஐ.ஓ.எஸ். என்று. அதன் பத்தாம் வகுப்புக்கு ஈடான பரீட்சையை 14 வயது நிரம்பியவர்கள் எழுதலாம். ஐந்து பாடங்களில் தேறவேண்டும். அவற்றுள் ஒரு மொழியேனும் இருக்கவேண்டும். அந்த ஒரு மொழி தமிழாக இருக்கலாம் என்பதைக் கவனிக்க. ஆகவே, அயல்மொழி கற்பதனால் பத்தாம் வகுப்புச் சான்றிதழுக்கு ஆபத்தும் இல்லை, அச்சான்றிதழை முன்னிட்டு அயல்மொழியை அவசரப்படுத்த வேண்டிய நிர்ப்பந்தமும் இல்லை. வீட்டுக் கல்வியின் பெரிய பாக்கியம் இது. பள்ளிப் பிள்ளைக்கு மொழி ஒரு மதிப்பெண். நம் பிள்ளைக்கு அது மொழியாகவே இருக்கலாம்.

கேம்பிரிட்ஜ் ஐ.ஜி.சி.எஸ்.ஈ. பரீட்சையைத் தனித்தேர்வராக எழுத விரும்பும் குடும்பங்கள் சிலவும் நம் பக்கத்தில் உண்டு. அதில் அயல்மொழிப் பாடத்துக்குக் கேட்டல், படித்தல், பேசுதல், எழுதுதல் என்ற நான்கு பகுதிகளும் சமமான பங்கு பெறுகின்றன. இது மிகவும் நல்ல அமைப்பு. ஆனால் பேச்சுப் பரீட்சையை நடத்துவதற்குத் தேர்வு மையமாகிய பள்ளி இசைய வேண்டும். எனவே, புத்தகம் வாங்குமுன் மையத்தை அணுகி, வெளிப்பிள்ளைக்கு அந்த மொழியில் பேச்சுப் பரீட்சை வைப்பார்களா என்று எழுத்து மூலமாகப் பதில் பெற்றுக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சாகச் சொன்ன சம்மதத்தை நம்பி இரண்டு வருஷம் படித்துவிட்டுக் கடைசியில் வேறு பாடம் தேடி ஓடும் துன்பம் எந்தப் பிள்ளைக்கும் வரவேண்டாம்.

இவ்விரண்டையும் சாராமல், அந்தந்த நாட்டு ஸ்தாபனங்களே நடத்தும் மொழிப் பரீட்சைகள் இருக்கின்றன. பிரெஞ்சுக்கு டெல்ஃப், ஜெர்மனுக்கு கோதே சான்றிதழ், ஜப்பான் மொழிக்கு ஜே.எல்.பி.டி. ஆகிய இவற்றை எழுதுவதற்குப் பள்ளிக்கூடமோ மாற்றுச் சான்றிதழோ வேண்டியதில்லை என்பதால், வீட்டில் கற்கும் பிள்ளைக்கு இவையே பொருத்தமானவை என்று கருதுகிறேன். ஐரோப்பிய மொழிகளுக்கு, ஐரோப்பிய கவுன்சில் 2001இல் வெளியிட்ட ஏ1 முதல் சி2 வரையான ஆறு படிகள் அளவுகோல்; ஜப்பான் மொழிக்கு என்5 முதல் என்1 வரை ஐந்து படிகள், என்5 எல்லாவற்றுக்கும் கீழான படி. வளரிளம் பருவத்தினருக்கென்றே டெல்ஃப் ஜூனியரும், ஜெர்மனில் ‘ஃபிட் இன் டாய்ச்’ என்னும் பரீட்சையும் இருக்கின்றன. இவற்றின் தரம் பெரியவர்களுடையதே. விஷயங்கள் மட்டும் சிறுவர்க்குரியவை. வீட்டு வாடகை ஒப்பந்தத்தைப் பற்றி 14 வயதுப் பிள்ளை கடிதம் எழுதிப் பழகுவதைவிடப் பிறந்தநாள் அழைப்புக்குப் பதில் எழுதிப் பழகுவது எவ்வளவோ இயற்கையானது. ஆதலால் பதிவு செய்யும்போது இந்தப் பிரிவைக் கேட்டு வாங்குங்கள்.

எந்த மொழி

இனி, எந்த மொழி என்னும் கேள்வி. பிள்ளையின் ஆசை ஒன்று இருந்தால் அதற்கு மிஞ்சிய நியாயம் எதுவும் இல்லை. ஜப்பானியச் சித்திரக் கதைகளில் மூழ்கிக் கிடக்கும் பிள்ளையை, வேலைவாய்ப்பைக் காட்டி ஜெர்மனுக்கு இழுத்துச் செல்வது வீண்காரியம். அப்படிப்பட்ட ஆசை எதுவும் இல்லாமல், ‘ஏதேனும் ஒரு மொழி’ என்று தொடங்கும் குடும்பத்துக்கே கீழே வருபவை. அவ்வாறு தொடங்குவோரும் ஒன்றை மறக்கலாகாது. நம் பிள்ளை வெறுங்கையோடு புறப்படவில்லை. தமிழ் என்னும் மொழியின் ஒலியமைப்பும் இலக்கணமும் அதன் கைமுதல். சந்தையில் கிடைக்கும் பாடங்களும் செயலிகளும் பெரும்பாலும் ஆங்கிலேயப் பிள்ளையையோ அமெரிக்கப் பிள்ளையையோ மனத்திற்கொண்டு ஆங்கிலத்தின் வழியே விளக்குபவை. ஆங்கிலத்தையே இன்னும் கற்றுக்கொண்டிருக்கும் ஓமலூர்ப் பிள்ளைக்கு அந்த வழி இரட்டைச் சுமை.

ஜெர்மன் மொழியில் வேற்றுமைகள் நான்கு. வேற்றுமை என்ற கருத்தையே இழந்துவிட்ட ஆங்கிலம் பேசும் மாணவன் இதைக் கண்டு மலைப்பதும், அவனுக்காகப் புத்தகம் பக்கம் பக்கமாக விளக்குவதும் நியாயம். எட்டு வேற்றுமைகளை அறிந்த தமிழ்ப் பிள்ளைக்கு, ‘இது இரண்டாம் வேற்றுமை, இது நான்காம் வேற்றுமை’ என்று ஒரு வரியில் சொன்னால் பாதி வேலை முடிந்தது. துணை வாக்கியத்தில் வினைச்சொல் கடைசியில் போய் நிற்பதும் நமக்குப் புதிதன்று. நமக்குத் துன்பம் தருவது பால் பகுப்பு: மேஜை ஆண்பால், பூ பெண்பால், சிறுமியைக் குறிக்கும் சொல்லோ இரண்டும் அல்லாத மூன்றாம் பால். பொருளை நோக்கித் திணையும் பாலும் வகுக்கும் நம் பிள்ளைக்கு இதில் காரணம் தேடத் தோன்றும். காரணம் இல்லை என்று சொல்லி, ஒவ்வொரு பெயரையும் அதன் முன்னிற்கும் சிறுசொல்லோடு சேர்த்தே உருவேற்றும் பழக்கத்தை முதல் நாளே உண்டாக்க வேண்டும்.

பிரெஞ்சில் சங்கடம் முழுவதும் ஒலியில். மூக்கால் ஒலிக்கும் உயிர்களும், எழுதி ஒலிக்காமல் விடும் ஈற்றெழுத்துகளும் எல்லாருக்கும் பொதுவான தொல்லை. தமிழருக்கென்று தனியாக ஒன்று உண்டு. மீனைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லையும் பானத்தைக் குறிக்கும் சொல்லையும் தமிழெழுத்தில் எழுதினால் இரண்டும் ‘புவாஸோன்’ என்றே வரும். முதலெழுத்து ஒன்றில் வல்லொலி, மற்றொன்றில் மெல்லிய பகர ஒலி. நம் எழுத்து இந்த வேறுபாட்டைக் காட்டுவதில்லை. காட்டாததைக் கண் நாளடைவில் காதுக்கும் மறக்கடித்துவிடும். ஆகையால் பிள்ளையின் நோட்டில் அயல்மொழிச் சொற்களைத் தமிழெழுத்தில் எழுதிப் பழக விடாதீர்கள். இந்நூலில் அச்சின் சௌகரியத்துக்காக நான் அவ்வாறு எழுதுகிறேன். படிக்கும் பிள்ளைக்கு அந்தச் சலுகை கூடாது. தமிழெழுத்தில் எழுதித் தரும் ‘முப்பது நாளில்’ வகைப் புத்தகங்களையும் இக்காரணத்தாலேயே விலக்க வேண்டும்.

ஜப்பான் மொழியோ நம் பிள்ளைகளுக்கு வியப்பான முறையில் பழக்கமானது போல் தோன்றும். எழுவாய், செயப்படுபொருள், கடைசியில் பயனிலை. பெயருக்குப் பின்னால் உருபு. ‘நான் நேற்று வாங்கிய புத்தகம்’ என்று நாம் பெயரெச்சத்தைப் பெயருக்கு முன் வைப்பது போலவே, சொல்லுக்குச் சொல் அதே வரிசையில், அவர்களும் வைக்கிறார்கள். ஆங்கில வழியில் கற்பவன் வாக்கியத்தைத் தலைகீழாக்கிப் பழக வேண்டிய இடத்தில் நம் பிள்ளை நேரே நடந்து போகலாம். குறில் நெடில் வேறுபாடும் அப்படியே: ‘ஒபஸன்’ என்றால் அத்தை வயதுப் பெண்மணி, ‘ஒபாஸன்’ என்று நடுவே நீட்டினால் பாட்டி. மேல்நாட்டு மாணவர்கள் மாதக்கணக்கில் அப்பியாசம் செய்து பிடிக்கும் இந்த நுட்பம், ‘பல்’ என்பதையும் ‘பால்’ என்பதையும் மூன்று வயதில் பிரித்தறிந்த செவிக்குச் சிரமமே இல்லை. சுசுமு ஓனோ என்னும் ஜப்பானிய அறிஞர், யாழ்ப்பாணத்து அறிஞர்களான சண்முகதாஸ், மனோன்மணி சண்முகதாஸ் தம்பதியரோடு சேர்ந்து இவ்விரு மொழிகளின் உறவை ஆராய்ந்து, தமிழிலிருந்தே ஜப்பான் மொழி உருப்பெற்றது என்ற அளவுக்கு வாதித்தார். மொழிநூலார் பெரும்பாலோர் அந்த முடிவை ஒப்புக்கொள்ளவில்லை. பிள்ளைகளுக்கு அதை நிச்சயமான உண்மை போல் சொல்லவும் கூடாது. ஆனால் உறவு உண்டோ இல்லையோ, அமைப்பின் ஒப்புமை கற்பவனுக்குப் பயன்படுவதில் சந்தேகமில்லை.

ஜப்பான் மொழியின் பாரம் எழுத்தில் இருக்கிறது. 46 எழுத்துகள் கொண்ட இரண்டு நெடுங்கணக்குகளைச் சில வாரங்களில் கற்றுவிடலாம். காஞ்சி எனப்படும் சீனவழிச் சித்திர எழுத்துகள்தாம் நெடும் பயணம். அன்றாட உபயோகத்துக்கென ஜப்பானிய அரசு வகுத்துள்ளவை 2136. அவற்றில் 1026ஐ அந்நாட்டுப் பிள்ளைகள் ஆரம்பப் பள்ளியின் ஆறு வருஷங்களில் கற்கிறார்கள். தினம் இரண்டு எழுத்து என்று பொறுமையாக எழுதிப் பழகும் சுபாவமுள்ள பிள்ளைக்கு இது ஆனந்தம். பொறுமையில்லாத பிள்ளைக்குத் தண்டனை. பிள்ளை எத்தகையது என்பதைப் பெற்றோரே அறிவர்.

பிழைப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாமக்கல் லாரிக்காரர்கள் அறிந்த பாரத்பென்ஸ் வண்டிகள், ஜெர்மானிய நிறுவனமான டெய்ம்லர் 2012இல் ஒரகடத்தில் திறந்த ஆலையில் செய்யப்படுபவை. ஓமலூரைத் தொட்டுச் செல்லும் பெங்களூர் நெடுஞ்சாலை நெடுகிலும், ஓசூர் முதலாக, வெளிநாட்டுக் கூட்டுடைய தொழிற்சாலைகள் இருக்கின்றன. ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களிற் பெரும்பாலானவற்றில் படிப்புக் கட்டணம் இல்லை என்பதும் உண்மை. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலமோ 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோரிடம் அரையாண்டுக்கு 1500 யூரோ வாங்குகிறது. ஆனால் இளநிலைப் படிப்புகள் அங்கே பெரும்பாலும் ஜெர்மன் மொழியில் நடப்பவை. பிளஸ் டூ மட்டும் முடித்தவர்களிற் பலர் ஓராண்டு ஆயத்த வகுப்பில் சேரவேண்டும். 2022 நவம்பர் முதல் இந்திய மாணவர்களுக்கு ஏ.பி.எஸ். என்னும் சான்றிதழ் பரிசோதனையும் உண்டு. ஏ1 சான்றிதழ் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு ஜெர்மனிக்குப் போய்விடலாம் என்று யாரேனும் சொன்னால் நம்ப வேண்டாம்.

வகுப்பை அளந்து பார்த்தல்

மொழி முடிவானபின் வகுப்பு. சென்னையில் அலியான்ஸ் பிரான்சேஸ், மாக்ஸ் முல்லர் பவன் என்று நாம் அழைக்கும் கோதே நிலையம், ஜப்பான் மொழிக்கு ஏ.பி.கே. - ஏ.ஓ.டி.எஸ். தோசோகாய் ஆகியவை பெயர்பெற்றவை. கோயம்புத்தூரிலும் கோதே மையம் இருக்கிறது. இவற்றின் இணையவழி வகுப்புகளையோ, தனியார் வகுப்பையோ, தனி ஆசிரியரையோ நாடலாம். எதை நாடினாலும், கட்டணத்தைக் கேட்கும்போதே வகுப்பில் எத்தனை பேர் என்று கேளுங்கள். 60 நிமிஷ வகுப்பில் ஆசிரியர் பாதி நேரம் பேசுகிறார் என்று வைத்துக்கொண்டால், எஞ்சிய 30 நிமிஷத்தை 20 பிள்ளைகள் பங்கிட்டுக்கொள்ளும்போது ஒரு பிள்ளைக்கு வருவது ஒன்றரை நிமிஷம். ஆறு பேர் வகுப்பில் ஐந்து நிமிஷம். தனி ஆசிரியரிடம் அரைமணி. கட்டணத்தை இந்தப் பேசும் நிமிஷங்களால் வகுத்துப் பாருங்கள். மலிவான வகுப்பு பல சமயங்களில் மிக விலையுயர்ந்ததாக முடியும். வசதி குறைந்த குடும்பம், வாரத்துக்கு மூன்று நாள் பெரிய வகுப்புக்குக் கட்டும் பணத்தில், வாரம் ஒரே நாள் தனி ஆசிரியரை அமர்த்திக்கொண்டு, மற்ற நாள்களில் இலவசப் பாடங்களைப் பயன்படுத்துவதே உத்தமம் என்பது என் துணிபு.

இலவசப் பாடங்கள் என்றால் இளக்காரமாக எண்ண வேண்டாம். ஜெர்மனுக்கு டாய்ச்ச வெல்ல நிறுவனத்தின் ‘நிக்கோஸ் வேக்’ ஏ1 முதல் பி1 வரை கதைபோலத் தொடர்ந்து செல்லும் காணொளிப் பாடம், பிரெஞ்சுக்கு டி.வி.5 மோந்த் தொலைக்காட்சியின் பயிற்சிகள். ஜப்பான் மொழிக்கு ஜப்பான் ஃபவுண்டேஷன் வெளியிடும் ‘இரோதோரி’ பாடபுத்தகம், ஒலிப்பதிவுகளோடு இறக்கிக்கொள்ளத்தக்கது. சி.பி.எஸ்.ஈ. தன் ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளுக்கென வெளியிட்ட ‘ஆந்த்ர ழன்’ என்னும் பிரெஞ்சுப் புத்தகமும் இலக்கணப் பயிற்சிக்குப் போதுமானது. விலைக்கு வாங்குவதானால், ஆசிரியர் எந்தப் புத்தகத்தில் பழகியவரோ அதையே வாங்குங்கள். புத்தகத்தை முதலில் வாங்கி அதற்கு ஆசிரியரைத் தேடுவது, சட்டையைத் தைத்துவிட்டு அதற்கேற்ற பிள்ளையைத் தேடுவது போலாகும்.

ஆசிரியரை அமர்த்துமுன் ஒரு பரிசோதனை வகுப்பு கேளுங்கள். நல்லவர்கள் மறுக்க மாட்டார்கள். பெற்றோர் பக்கத்தில் உட்கார்ந்து, மொழி புரியாவிட்டாலும், இரண்டு விஷயங்களைக் கவனிக்கலாம்: பிள்ளை எத்தனை தடவை வாய் திறந்தது என்பதும், தவறு செய்தபோது ஆசிரியர் அதை அப்படியே விட்டாரா, தாமே சரியான சொல்லைச் சொல்லி முடித்தாரா, அல்லது பிள்ளையை மறுபடி சொல்லவைத்தாரா என்பதும். மூன்றாவது வகையினரைக் கண்டால் கட்டணம் சற்று அதிகமானாலும் விடவேண்டாம். அவர் தமிழ் அறிந்தவராகவும் இருந்துவிட்டால் முதல் வருஷத்துக்கு அதைவிடப் பெரிய அதிர்ஷ்டம் இல்லை; ஒரு வேற்றுமையை நிமிஷத்தில் விளக்கிவிட்டு எஞ்சிய நேரத்தைப் பேச்சுக்குத் தரலாம்.

எவ்வளவு காலம் என்ற கணக்கையும் முன்கூட்டியே போட்டுக்கொள்வது நல்லது. 45 நிமிஷம் கொண்ட பாட வேளைகளாக ஏ1 நிலைக்கு 80 முதல் 200 வரையும், பி1 நிலைக்குத் தொடக்கத்திலிருந்து 350 முதல் 650 வரையும் வேண்டும் என்பது கோதே நிலையத்தின் மதிப்பீடு. தினம் ஒரு மணி, வாரம் ஐந்து நாள், வருஷத்தில் 40 வாரம் என்றால் 200 மணி. ஆகவே முதல் வருஷ முடிவில் ஏ1 பரீட்சையை அச்சமின்றி எழுதலாம், பி1 நிலையை மூன்றாம் வருஷத்தில் எட்டலாம். ஜப்பான் மொழிக்கு அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிலையம் சொல்லும் கணக்கு 2200 வகுப்பு மணி. அது ஆங்கிலம் பேசுவோர் அரசாங்க உத்தியோகத்துக்குரிய தேர்ச்சி பெறுவதற்கு. இலக்கணத்தில் நமக்குச் சலுகை உண்டானாலும் காஞ்சியில் இல்லை. 13 வயதில் தொடங்கும் பிள்ளை 17க்குள் என்4 நிலையை நிதானமாக எட்டினால் பெற்றோர் மனநிறைவு கொள்ளலாம். சிரத்தை மிக்க பிள்ளை என்3ஐயும் எழுதிப் பார்க்கலாம்.

பரீட்சைகளின் குணமும் அறிந்திருக்கத் தக்கது. டெல்ஃபில் நான்கு திறன்களுக்கும் தலா 25 மதிப்பெண். மொத்தத்தில் 50 வேண்டும், எந்தப் பகுதியிலும் 5க்குக் குறையலாகாது. ஜே.எல்.பி.டி.யில் பேச்சும் இல்லை, கட்டுரையும் இல்லை. விடையைத் தெரிந்து குறிப்பது மட்டுமே. என்5 தேற மொத்தத்தில் 180க்கு 80ம், பகுதிதோறும் குறைந்தபட்ச மதிப்பெண்ணும் வேண்டும். ஊமையாகவே இருந்து அதன் படிகளில் ஏறிவிட முடியும் என்பதால், ஜப்பான் மொழி எடுத்தவர்கள் பேச்சுப் பயிற்சியில் மற்றவர்களைவிட இருமடங்கு ஜாக்கிரதையாக இருக்கவேண்டும்.

தமிழின் துணை

அயல்மொழி நுழைந்தவுடன் தமிழைக் குறைத்துவிடும் வழக்கத்தை நான் வன்மையாக மறுக்கிறேன். தமிழில் வேற்றுமையும் எச்சமும் தெளிந்த பிள்ளைக்கே மேலே சொன்ன சலுகைகள் எல்லாம் கிடைக்கும். அதோடு, நல்ல தமிழ் மொழிபெயர்ப்பு என்பது நம் கைக்கு எட்டும் அரிய பாட உபகரணம். செந்த்-எக்சுபெரி 1943இல் வெளியிட்ட ‘குட்டி இளவரசன்’ கதையை, ஆங்கிலத்தின் வழியாக வராமல் பிரெஞ்சு மூலத்திலிருந்தே ச. மதனகல்யாணியும் வெ. ஸ்ரீராமும் தமிழாக்க, க்ரியா 1981இல் வெளியிட்டது. இரண்டாம் வருஷத்து மாணவர், மூலத்தை இடப்பக்கமும் தமிழை வலப்பக்கமும் வைத்துக்கொண்டு, நாளுக்கு ஒரு பத்தி உரக்கப் படிக்கலாம். குழந்தைக் கதை என்று எண்ணி முதல் வருஷத்திலேயே கொடுத்துவிடாதீர்கள். பேச்சில் வழங்காத எழுத்து நடைக்குரிய இறந்தகால வடிவங்கள் அதில் நிரம்ப உண்டு. புதுச்சேரிக்கு ஒருமுறை அழைத்துப் போவதும் நல்லதே. ஆனால் தெருவில் கேட்பது தமிழ்தான் என்பதையும், பிரெஞ்சு பேச்சைக் கேட்க 1889 முதல் அங்கிருக்கும் அலியான்ஸ் பிரான்சேஸ் போன்ற இடங்களை நாடவேண்டும் என்பதையும் முன்பே சொல்லிவைத்தால் பிள்ளை ஏமாற்றமடையாது.

அந்நிய மொழி அறியாத தாய் தந்தையர் தங்களால் ஒன்றும் ஆகாது என்று ஒதுங்கிக்கொள்வதும் சரியன்று. தாரமங்கலத்துப் பக்கம் தறி வைத்திருக்கும் ஒரு வீட்டில் நடக்கக்கூடிய உரையாடலைக் காட்டுகிறேன். தாய் தார் சுற்றிக்கொண்டிருக்கிறார். மகன் அன்றைய ஜெர்மன் பாடத்தை முடித்துவிட்டு வந்து உட்காருகிறான்.

“ஏஞ்சாமி, ‘அப்பனுக்குக் குடு’ன்னு சொல்றப்ப நம்ம ‘கு’வைப் பேருக்குப் பின்னால ஒட்டறோம். அவங்க எங்க ஒட்டுவாங்க?”

“பேருல ஒட்ட மாட்டாங்கம்மா. பேருக்கு முன்னால ‘டெர்’னு ஒரு சின்னச் சொல்லு நிக்கும். அதையே ‘டேம்’னு மாத்திருவாங்க.”

“அப்பப் பேரு மாறவே மாறாதா?”

“ஒருமையில பெரும்பாலும் மாறாதும்மா. சிலது மாறும். எதெதுன்னு நாளைக்கு மிஸ்ஸைக் கேட்டுச் சொல்றேன்.”

அத்தாய்க்கு ஜெர்மனில் ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் மகன் கற்றது நான்காம் வேற்றுமை என்பதும், கற்றது எவ்வளவு, கல்லாதது எவ்வளவு என்பதும் அந்த நான்கு வரிகளில் வெளிவந்துவிட்டன. நாள்தோறும் பத்து நிமிஷம், பிள்ளை அன்று கற்றதைத் தமிழில் பெற்றோருக்கு விளக்கவேண்டும் என்ற நியமத்தை வைத்துக்கொள்ளுங்கள். விளக்க முடியாத இடமே மறுநாள் ஆசிரியரிடம் கேட்கவேண்டிய இடம். இதோடு, மாதத்துக்கு ஒருமுறை பிள்ளை அம்மொழியில் இரண்டு நிமிஷம் பேசுவதைக் கைபேசியில் பதிவு செய்து தேதியோடு வைத்துக்கொண்டால், ஆறு மாதம் கழித்து முதற்பதிவையும் கடைசிப் பதிவையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பார்க்கலாம். முன்னேற்றம் உண்டா என்பதை அறிய மொழியறிவு வேண்டியதில்லை. தயக்கம் குறைந்திருக்கிறதா, வாக்கியம் நீண்டிருக்கிறதா என்று எந்தத் தாயின் செவியும் சொல்லிவிடும். ஆறு மாதத்தில் மாற்றம் ஒன்றும் தெரியாவிட்டால், பிள்ளையைக் கடிந்துகொள்ளாமல் ஆசிரியரை மாற்றுங்கள்; அப்போதும் மொழியை மாற்றவேண்டாம்.

தனிப்பட்ட நோக்கம் எதுவும் இல்லாமல் என்னிடம் யோசனை கேட்கும் ஓமலூர்க் குடும்பத்துக்கு நான் முதலில் சிபாரிசு செய்வது ஜப்பான் மொழியையே. எழுதுவதில் பொறுமை இல்லாத பிள்ளைக்கும், மேற்படிப்புக்கு ஜெர்மனியை நாடும் பிள்ளைக்கும் ஜெர்மன். திருத்திச் சொல்ல நல்ல ஆசிரியர் உறுதியாகக் கிடைத்தால் மட்டும் பிரெஞ்சு. ஜே.எல்.பி.டி. ஜூலையிலும் டிசம்பரிலும் முதல் ஞாயிற்றுக்கிழமையன்று நடக்கிறது. சென்னை அதற்கொரு மையம். சேலத்தில் இரவு ஏற்காடு எக்ஸ்பிரஸில் ஏறினால் விடியுமுன் போய்ச் சேரலாம். பதிவோ பரீட்சைக்குப் பல வாரங்களுக்கு முன்பே தொடங்கி முடிந்துவிடும். ஆகவே டிசம்பரில் எழுத விரும்புவோர் ஆடி மாதத்திலேயே விசாரிக்கத் தொடங்குங்கள்.